கீழ்த்தட்டுச் சாடிகள்

மாமி சோறு போட்டுவிட்டு ஊறுகாய்ச் சாடியை என் பக்கம் தள்ளினார்.

"தேசிக்காய். போட்டுச் சாப்பிடுங்கோ தம்பி. வெறும் பருப்போடை எப்பிடி இறங்கும்?"

போட்டுச் சாப்பிட்டேன். என் மனைவி கத்தரின் செத்த பிறகு வியாழக்கிழமைகளில் மதியச் சாப்பாடு பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் அவளுடைய அம்மா வீட்டில்தான். உப்புக் கூடியதா குறைந்ததா என்று எனக்குத் தெரிவதில்லை. தட்டில் இருப்பதை முடித்துவிட்டு எழும்புவேன். அன்று கரண்டியை இரண்டாம் தரம் விட்டபோது சாடியைப் பார்த்தேன். முந்திய வியாழன்களிலும் அது மேசையில் இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

தேன் நிறம், பச்சை, வெண்மஞ்சள். மூன்று நிறப் பூச்சும் சாடியின் தோளிலிருந்து வழிந்து, ஒன்றுக்குள் ஒன்று கலந்து, அடிக்கு இரண்டு விரலகலம் மேலே நின்றுவிட்டிருந்தன. அதற்குக் கீழே வெறும் மண்.

சாடியைச் சன்னலடிக்குக் கொண்டுபோனேன். ஊறுகாயை ஒரு பக்கம் ஒதுக்கி உள்ளே பார்த்தேன். ஊறுகாய் மட்டத்துக்கு மேலே பூச்சு கண்ணாடியாக மினுங்கியது. கீழே மங்கி, சுண்ணாம்பு படிந்தது போல் வெளுத்திருந்தது. பச்சை வழிந்த இடம் இன்னும் மோசம்.

"என்ன, பூச்சி கிடக்கோ?"

"மாமி, இது எங்கத்தையான் சாடி?"

"என்ன கேள்வி இது? என்ரை பிள்ளை செய்தது. முப்பத்தோராம் நாளுக்கு எடுத்ததிலை ஒண்டை நான் வைச்சுக்கொண்டன்."

கத்தரின் பல்கலைக்கழகத்தில் பழைய சீன மட்பாண்டங்களை ஆய்வு செய்துகொண்டிருந்தாள். படிப்பதோடு நிற்கமாட்டாள். அந்தக் காலத்தில் எப்படிச் செய்தார்களோ அப்படியே செய்து பார்ப்பாள். வில்லரேயில் எங்கள் வீட்டுப் பின்னறையில் அதற்கென்று ஒரு இரும்பு ராக்கை. மேல் தட்டுகளில் சாம்பல் பூச்சுப் பாத்திரங்கள். மரச்சாம்பலையும் கற்பொடியையும் கரைத்துப் பூசி, சூளைக்குள் காற்றை அடைத்து, ஆயிரத்து இருநூறு பாகைக்கு மேல் சுட்டவை. மண்ணிலும் சாம்பலிலும் உள்ள கொஞ்ச இரும்பு அந்தச் சூட்டில் மங்கிய பச்சையாக மாறும். அவற்றில்தான் நாங்கள் சாப்பிட்டோம், தேநீர் குடித்தோம்.

கீழ்த்தட்டு வேறு. தாங் அரசர் காலத்து மூவண்ணப் பூச்சு. அதில் ஈயம் சேரும். புளி பட்டால் கரைந்து சாப்பாட்டில் இறங்கும் நஞ்சு அது. ஈயம் இருந்தால் குறைந்த சூட்டிலேயே பூச்சு உருகி ஓடும், நன்றாக மினுங்கும். செம்பு சேர்த்தால் பச்சை, இரும்பு சேர்த்தால் தேன் நிறம். இதைப் பெரும்பாலும் கல்லறைக்குள் வைக்கத்தான் செய்தார்கள். குதிரை, ஒட்டகம், குதிரைக்காரன், சாடி. குதிரைக்காரனின் சட்டைக்குப் பூச்சு உண்டு, முகத்துக்கு இல்லை. பூச்சு வழிந்தால் கண்ணும் மூக்கும் காணாமல் போய்விடும். முகத்தைச் சுட்ட பிறகு வர்ணத்தால் தீட்டுவார்கள்.

"கீழ்த்தட்டைத் தொடாதையும் டனி," என்பாள். "அது செத்தவையின்ரை சட்டி. உமக்கு இன்னும் காலம் கிடக்கு."

மாசியில் ஒரு காலை அவளுக்கு மூளையில் நரம்பு வெடித்தது. அவ்வளவுதான்.

முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு வந்தவர்களுக்கு நினைவாக ஏதாவது கொடுத்து அனுப்புவது எங்கள் ஆட்களின் வழக்கம். பெயர் பொறித்த எவர்சில்வர்க் கிண்ணம் கொடுப்பார்கள். மாமி வேண்டாமென்றார். மகள் கையால் செய்தவை வீடு நிறைய இருக்கும்போது கடைக் கிண்ணம் என்னத்துக்கு என்று பெட்டிகளோடு வந்தார். நான் சமையலறையில் ஒரு கதிரையில் இருந்தேன், பிறகு மற்றக் கதிரைக்கு மாறினேன், பிறகு பழையபடி முதல் கதிரை. "கீழ்த்தட்டிலை இருக்கிறதையும் எடுக்கட்டே தம்பி?" என்று பின்னறையிலிருந்து கேட்டார். ஓம் என்றேன். அந்த நாட்களில் எதைக் கேட்டாலும் ஓம்தான். அந்தத் தட்டில் கத்தரின் செய்து வைத்திருந்த மிருகங்களையும் குதிரைக்காரனையும் விட்டுவிட்டு மூன்று சாடிகளையும் எடுத்துக்கொண்டு போனார்.

"இதை நான் கொண்டுபோக வேணும் மாமி."

"ஏன்?"

சொல்லத்தான் வாய் திறந்தேன். மாமி சாடியின் கழுத்தில் வழிந்திருந்த எண்ணெயைப் பெருவிரலால் துடைத்துக்கொண்டிருந்தார். செத்தவீட்டிலேயே சிலர் கேட்டிருந்தார்கள், எந்நேரமும் அந்த மண்ணோடும் தூளோடும் கிடந்தவள், அதாலையோ என்று. கேட்டவர்களோடு மாமி இன்றுவரை கதைப்பதில்லை.

"யூனிவர்சிட்டியிலை கண்காட்சி வைக்கினம்," என்றேன். "கத்தரின்ரை சாடியளைக் கேக்கினம்."

"கண்காட்சியோ? என்ரை பிள்ளைக்கோ? எப்ப?"

"பேந்து சொல்லுவினம்."

"நான் என்ன சாறி உடுக்க?"

"ஊறுகாயைக் கொட்ட வேணும். பூஞ்சணம் பிடிச்சிருக்கு," என்றேன்.

"என்ரை ஊறுகாயோ? கலியாணம் கட்டின நாளிலையிருந்து போடுறன், ஒருக்காலும் பூஞ்சணம் பிடிச்சதில்லை. கண்ணைக் காட்டுங்கோ தம்பி, கண்ணாடி போடுற வயசு வந்திட்டுது உங்களுக்கு."

"மற்ற ரெண்டு சாடியும் ஆரிட்டை?"

"ஒண்டு அந்த இந்தியன் டொக்டர் பிள்ளை, கிரிஜா. மற்றது றெஜினா. வெறுஞ்சாடியாக் குடுக்கக்கூடாதெண்டு ஊறுகாய் போட்டுத்தான் குடுத்தனான். றெஜினா பாவம், வாயும் வயிறுமா இருக்கிறாள், புளிப்பெண்டால் உயிர். முடிய முடிய நான்தான் நிரப்பிக் குடுக்கிறன்."

ஊறுகாயைக் குப்பையில் கொட்டிவிட்டு வெளிப்படிகளால் இறங்கி, சாடியைக் காரின் முன் இருக்கையில் வைத்து பெல்ட் போட்டேன். என் வேலை பாலங்களின் கொங்கிரீட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது. நல்ல கொங்கிரீட் கணீரென்னும். உள்ளே பிளந்தது தொப்பென்னும். விரல் முட்டியால் சாடியைத் தட்டினேன். தொப். குறைந்த சூட்டு மண். வழியில் இரும்புக்கடையில் ஈயம் பட்டால் பஞ்சு முனை சிவக்கும் சோதனைக் குச்சி வாங்கி, கார் தரிப்பிடத்திலேயே உள்ளே தேய்த்தேன். பஞ்சு சிவந்தது. வீட்டுக்குப் போகவில்லை. ஜோன் தலோன் வீதியில் கிழக்கே போய், திரும்பி மேற்கே வந்து, மறுபடி கிழக்கே போனேன்.

கிரிஜாவுக்கு அடுத்த நாள் மாலைதான் போன் எடுத்தேன். கத்தரினோடு மட்பாண்ட வகுப்புக்கு வந்து சிநேகமானவர். சென்னைக்காரர்.

"உங்க மாமியார் நேத்தே போன் பண்ணிட்டாங்க," என்றார். "கண்காட்சியாமே? சந்தோஷமா இருக்கு டனி. சாடில இப்ப பேனா போட்டு வெச்சிருக்கேன், எடுத்துட்டுப் போங்க."

"ஊறுகாய் சாப்பிட்டனீங்களே?"

"அது ஒரே வாரத்துல காலி. எங்க வீட்டுக்காரர் தயிர்சாதப் பேர்வழி, விடுவாரா? ஏன்?"

சொன்னேன்.

"பச்சையா இருந்துதே. சாம்பல் கிளேஸ்னுல்ல நெனச்சேன்."

"அது வேறை பச்சை."

"சரி." குரல் மாறியிருந்தது. அது ஆஸ்பத்திரிக் குரல். "நாங்க ரெண்டு பேரும் டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்துடறோம். நீங்களும் குடுங்க, மாமியாரையும் கூட்டிட்டு வாங்க. மூணாவது சாடி யார்கிட்ட?"

"றெஜினாவிட்டை. அவளுக்கு ஆறு மாசம்."

"கர்ப்பமாவா இருக்கா?"

"ஓம்."

"டனி, நல்லாக் கேளுங்க. சாடியை வாங்கிட்டு வந்தா மட்டும் பத்தாது. அவ உடனே ரத்தம் குடுக்கணும். ஈயம் குழந்தைக்குப் போகும். காரணம் தெரிஞ்சாத்தான் அவ வருவா. அங்க போய்க் கண்காட்சிக் கதையெல்லாம் விடாதீங்க. இல்லன்னா நானே போன் பண்ணிச் சொல்றேன்."

"வேண்டாம். நான் சொல்லுறன்."

சனிக்கிழமை காலை கிரிஜாவின் சாடியை வாங்கிக்கொண்டு இல்-பிசார் தீவுக்குப் போனேன். றெஜினாவும் கணவன் மிதுசனும் போன வருடம் அங்கே வீடு வாங்கியிருந்தார்கள். றெஜினா கத்தரினின் ஒன்றுவிட்ட தங்கை. அவர்களுடைய தெருவைக் கடந்து நேராக ஓடிப் படகுத்துறைக்குப் போனேன். காரைப் படகில் ஏற்றி அக்கரையில், லாவல் பக்கம் இறங்கினேன். அங்கே எனக்கு ஒரு அலுவலும் இல்லை. அடுத்த படகில் திரும்பினேன். போகும்போது "பொன்ஷூர்" என்று வணக்கம் சொன்ன படகுக்காரன் வரும்போது ஒன்றும் சொல்லாமல் காசை வாங்கினான். இக்கரையில் இறங்கியும் இயந்திரத்தை நிறுத்தாமல் கொஞ்ச நேரம் இருந்தேன். சொல்லவேண்டியது நாலு வசனம். சொன்ன பிறகு கத்தரினுடைய பெயரோடு அந்த நாலு வசனமும் ஒட்டிக்கொள்ளும். ஊருக்குள் அவளைப் பற்றிப் பேச வேறு எதுவும் மிஞ்சாது.

மிதுசன் கதவைத் திறந்தான்.

"றெஜி, கண்காட்சிக்காரர் வந்திட்டார்! வாங்கோ டனி அண்ணை. மாமி போன் எடுத்து எடுத்து வெருட்டிப்போட்டா. கீறல் விழாமல் நான்தான் கழுவினனான். எங்கடை பேரும் போடுவினமே, அன்பளிப்பு மிதுசன் குடும்பம் எண்டு?"

"அன்பளிப்பில்லை, இரவல்," என்று உள்ளேயிருந்து றெஜினா கத்தினாள். "கண்காட்சி முடியத் திருப்பித் தரவேணும் அத்தான். சொல்லிப்போட்டன்."

சாடியைக் குளிக்கும் துவாயில் சுற்றி, குழந்தையைத் தருவது போலவே என் கையில் தந்தான் மிதுசன். கதவு இன்னும் திறந்திருந்தது. கார் பத்தடியில் நின்றது.

சமையலறையில் றெஜினா பாணோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு ஜாம் போத்தல். கழுத்துவரை ஊறுகாய்.

"ஒரு துளி கொட்டேல்லை," என்றாள். "அப்பிடியே போத்தலுக்கை மாத்திப்போட்டன்." விரலைச் சூப்பினாள்.

"றெஜினா, அதைச் சாப்பிடாதையும்."

"ஏன், உங்களுக்கு வேணுமே? உங்கடை மாமியிட்டைக் கேளுங்கோ. இது பிள்ளைத்தாச்சியின்ரை பங்கு."

"கண்காட்சி ஒண்டும் இல்லை. நான் பொய் சொன்னனான். சாடியின்ரை பூச்சிலை ஈயம் கிடக்கு. புளிக்குக் கரையும். உந்த ஊறுகாயுக்கை இறங்கியிருக்கும்."

"ஈயம் எண்டால்?" என்றான் மிதுசன்.

"லெட்."

"பழைய தண்ணிக் குழாயிலை இருக்கெண்டு சிற்றிக்காரன் சொல்லுறானே, அந்தப் புளோமோ?"

"ஓம்."

றெஜினா எழும்பித் தொட்டியில் துப்பினாள். வாயைக் கொப்பளித்தாள். மறுபடி துப்பினாள். பிறகு ஈரக்கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்ப உங்களுக்குத் தெரியும்?" மிதுசன் கேட்டான்.

"வியாழக்கிழமை."

"இண்டைக்குச் சனி. நேற்றும் திண்டவள் அண்ணை. முந்தநாள் இரவும் திண்டவள்."

"ஓம்."

"என்ன ஓம்? எல்லாத்துக்கும் ஓமோ? இப்ப அவள் போத்தலைக் காட்டியிருக்காட்டில் துவாயோடை போயிருப்பீங்கள், என்ன?"

போயிருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை. அதையே சொன்னேன். அவன் கையை ஓங்கினான். அடிக்கவில்லை. போத்தலை எடுத்துக் குப்பைக்குள் எறிந்தான். பிறகு குனிந்து திரும்ப எடுத்தான். "இதையும் டெஸ்ற் பண்ண வேணுமோ?" என்று கேட்டான்.

"கத்தரின் அக்காவுக்கும் இதாலையோ?" என்றாள் றெஜினா.

"இல்லை. அவளுக்கு நரம்பு. அவள் முகமூடி, கையுறை இல்லாமல் இதைத் தொட்டதில்லை. இதுக்கெண்டு இருக்கிற சூளையிலைதான் சுட்டவள். கீழ்த்தட்டிலை வைச்சு ஒருத்தரையும் தொட விடேல்லை. எடுக்கட்டே எண்டு கேக்க ஓம் எண்டது நான்."

கிரிஜாவின் நம்பரைக் கொடுத்தேன். மிதுசன் அங்கேயே நின்று டயல் பண்ணினான். நான் சாடியோடு போகும்போது யாரும் கதவுவரை வரவில்லை.

மாமியிடம் நானே சொல்லவேண்டும் என்று நேரே ஓடினேன். எனக்கு முன் போன் போய்விட்டது. மாமி வெளிப்படியில் இருந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"றெஜினாவின்ரை தாய் எடுத்தவ. என்ரை பிள்ளை நஞ்சு செய்து வைச்சிட்டுச் செத்ததாம்."

"அவள் செய்தது நஞ்சில்லை. அதுக்கை ஊறுகாய் போட்டதுதான்..."

"போட்டது நான். தெரியும். ஈயம் பூசின சட்டியிலை சமைச்சுத்தானே நாங்கள் வளர்ந்தது?"

"அது வெள்ளீயம் மாமி. இது காரீயம்."

"பூஞ்சணம் எண்டீங்கள்."

"ஓம்."

"சாறிக்கு பிளவுஸ் தைக்கக் குடுத்திட்டன்." தெருவைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "சாப்பிடேலாத சாடியை என்னத்துக்குச் செய்தவள்?"

கல்லறைகளைப் பற்றிச் சொன்னேன். உள்ளே நிற்கும் குதிரைகள், ஒட்டகங்கள், செத்தவருக்கென்று வைத்த சாடிகள். எப்படிச் செய்தார்கள் என்று ஒருத்தருக்கும் சரியாகத் தெரியாத இடங்களைத் தெரிந்துகொள்ளத்தான் அவள் செய்தாள் என்றேன். கத்தரின் போனபிறகு நான் இவ்வளவு நீளமாகக் கதைத்ததில்லை. நின்றுகொண்டே கதைத்தேன். ஒரு படி இறங்கி, ஒரு படி ஏறி.

"இந்த மூண்டும்தானே?"

"மூண்டும்தான். மிச்சமெல்லாம் நல்லது. நாங்கள் சாப்பிட்ட சட்டியள்."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவைக்குத் தெரியுமே? இண்டைக்கு இரவே எல்லாரும் குப்பையிலை போடப்போகினம்." எழும்பினார். "ஏறி இறங்கிக்கொண்டு நில்லாமல் போய்ப் படுங்கோ. நாளைக்குப் பூசைக்கு வாங்கோ."

அடுத்த நாள் தமிழ்ப் பூசையில், கடைசி ஆசீருக்கு முன் மாமி எழும்பி ஒலிவாங்கிக்குப் போனார். சாமியாரே விலகி நின்றார்.

"என்ரை மகள் கத்தரின்ரை சட்டி வைச்சிருக்கிற ஆக்கள் கேளுங்கோ. அதிலை மூண்டு சாடி சாப்பாட்டுக்கு உதவாதது. மூண்டும் திரும்பி வந்திட்டுது. அதுக்கை ஊறுகாய் போட்டது நான். அதை எடுக்க விட்டது மருமகன். பிள்ளை அதுக்குப் பொறுப்பில்லை. மிச்சத்தை ஆரும் குப்பையிலை போடாதேங்கோ. பயமெண்டால் வாற ஞாயிறு கீழ் மண்டபத்துக்குக் கொண்டு வாங்கோ. மருமகன் தட்டிப் பாத்துச் சொல்லுவார்."

என்னிடம் அவர் கேட்டிருக்கவில்லை.

அந்தக் கிழமை எல்லோரும் சோதனைக்கு இரத்தம் கொடுத்தோம். கிரிஜாவுக்கும் கணவருக்கும் ஒன்றுமில்லை. எனக்கும் இல்லை. மாமிக்கு அளவிலும் கூடத்தான் இருந்தது. அதைப் பற்றிக் கதைக்க வேண்டாமென்றார். றெஜினாவின் முடிவை எனக்கு யாரும் சொல்லவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாகவும் நினைக்கவில்லை. வேலைக்குப் போனேன். ஒரு மேம்பாலத்தின் அடியில் நல்ல கொங்கிரீட்டையே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டு நின்றதாகக் கூட வேலை செய்தவன் சொன்னான்.

ஞாயிறு மண்டபத்தில் ஒரு நீள மேசை போட்டிருந்தார்கள். நான் நினைத்ததைவிடக் கூட ஆட்கள் வந்தார்கள். கடைப் பைகளில், துண்டுகளில், ஒருவர் பிள்ளையின் புத்தகப் பையில். நான் மரக் கரண்டியால் விளிம்பைத் தட்டினேன். கணீர். பிறகு குச்சியால் தேய்த்து, பஞ்சு வெள்ளையாகவே இருப்பதைக் காட்டினேன்.

"என்ரை மண்டையையும் ஒருக்காத் தட்டிப் பாருங்கோ தம்பி," என்றார் பத்திநாதர். வரிசையில் மூத்தவர் அவர்தான்.

"உங்கடை மண்டை தட்டாமலே ஒலிக்குது அண்ணை," என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள். சிரித்தார்கள். ஆனால் சிரித்தவர்களில் சிலர் ஒலித்த சட்டியையும் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். "நல்லதுதான் தம்பி. எண்டாலும் வீட்டிலை சின்னப்பிள்ளையள்." மாமி அவற்றைக் கடதாசியில் சுற்றிப் பெட்டிக்குள் அடுக்கினார். பெட்டி நிறைந்தது. இன்னொன்றைத் திறந்தார்.

மிதுசன் தனியாக வந்தான். வரிசையில் நின்றான். முறை வந்தபோது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"றெஜினாவுக்கு இருக்கவேண்டியதிலும் கூடத்தானாம். மருந்து குடுக்கிற அளவில்லையாம். ஊறுகாய் நிண்டபடியால் இறங்குமாம். பிறக்கும்வரை மாதாமாதம் பாக்க வேணுமாம். பிறந்தாப் போலை பிள்ளைக்கும் பாப்பினமாம்."

"ஓ..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

ஜாக்கெட் பைக்குள்ளிருந்து ஒரு கோப்பையை எடுத்து வைத்தான். சாம்பல் பூச்சு. மங்கிய பச்சை. கைபிடி இல்லாதது. அவர்கள் கலியாணத்துக்குக் கத்தரின் செய்து கொடுத்தது.

"இதுவும் பச்சை," என்றான். "றெஜினா இதிலைதான் பால் குடிக்கிறவள். இல்லாட்டில் இறங்காதாம். பாருங்கோ."

தட்டினேன். ஒலித்தது. தேய்த்தேன். பஞ்சு வெள்ளை.

"இது நல்லது."

"நல்லதெண்டு நீங்கள் சொல்லுறீங்கள்."

"ஓம்."

"குடிச்சுக் காட்டுங்கோ."

மாமியின் கை பெட்டிக்குள் நின்றது. மண்டபத்துத் தேநீர் டிரம்மில் குழாயைத் திறந்து கோப்பையை விளிம்புவரை நிரப்பினேன். யாரோ தேசிக்காய் வெட்டி வைத்திருந்தார்கள். ஒரு பாதியைப் பிழிந்து விட்டேன். கொதித்தது. கைபிடி இல்லாததால் விரல் சுட்டது. ஆற விடாமல் குடித்தேன். நாக்கும் தொண்டையும் வெந்தன. அடிவரை குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினேன்.

மிதுசன் அதை வாங்கிக் குழாயடிக்குக் கொண்டுபோய் இரண்டு தரம் கழுவினான். வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தான். பிறகு ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டு படியேறிப் போனான்.

அடுத்து நின்ற பெண் தன் கிண்ணத்தை மேசையில் வைத்தாள்.